காலை வெயில் வராத வீடு

பதினாறு வீடுகள் கொண்ட அந்தச் சதுக்கத்தில் ஒன்பது வீடுகளின் சுவரில் வெண்கலத் தகடு பதித்திருந்தது. இந்த வீட்டில் நீதிபதி இருந்தார், இந்த வீட்டில் மல்யுத்த வீரர் இருந்தார், இந்த வீட்டில் பேசாத படக் காலத்து நடிகை இருந்தார் என்று அவை சொல்லும். இப்போது இருக்கிறவர்களைப் பற்றி எந்தத் தகடும் வாய் திறக்காது. செத்த பிறகுதான் மனுஷனுக்கு மதிப்பு என்பார்கள். அந்தச் சதுக்கத்தில் அதைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

ஐந்தாம் எண் வீட்டுத் தையல்காரம்மாவுக்கு இந்தப் பெரிய மனிதர்களிடம் அவ்வளவு பயபக்தி கிடையாது. காரணம் அவள் கணவர். அவர் குழாய் வேலைக்காரர். பதினாறு வீட்டுச் சாக்கடையிலும் முப்பது வருஷமாகக் கையை விட்டவர். சாப்பிட உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வீட்டுப் புராணத்தை எடுத்துவிடுவார்.

"ஊருக்கெல்லாம் நியாயம் சொன்னாராம் நீதிபதி. அவர் வீட்டுக் குழாய் ஒண்ணுகூட நேரா இல்ல" என்பார். மல்யுத்த வீரர் வீட்டுக் குளியல் தொட்டி முழு இரும்பு, அதை நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. நடிகை வீட்டு வடிகாலில் ஒற்றைக் கம்மல் கிடைத்தது. அதைக் கழுவித் துடைத்து இப்போதைய வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். "எனக்குக் கொடுத்திருக்கலாம்ல" என்று தையல்காரம்மா கேட்டதற்கு, "ஒத்தைக் கம்மல் போட்டுக்கிட்டு நீ யார்கூட நடிக்கப் போற" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சதுக்கம் உண்டான கதை எல்லாருக்கும் தெரியும். முன்பு அது குதிரை லாயம். ஒரு மரவியாபாரி அதை வாங்கி, தன் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டாகப் பதினாறு வீடு கட்டினார். நடுவில் தோட்டம், அதைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி, வடக்கே ஒரு பெரிய வாசல். அப்பா செத்த மறுவருஷமே எட்டுப் பிள்ளைகளும் எட்டுத் திசைக்குப் போனார்கள். வீடுகள் கைமாறின. இதையெல்லாம் தேடித் தொகுத்து நாற்பது பக்கப் புத்தகமாகப் போட்டவர் பன்னிரண்டாம் எண் வீட்டு டீச்சர். ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தைத்த துணியை மூன்று முறையாவது திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளாதவர். தோட்டத்துக்குக் கிழக்கே ஐந்தாம் எண்ணும் மேற்கே பன்னிரண்டாம் எண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றன. டீச்சர் தன் ஜன்னலில் வந்து நின்றால், தோள்பட்டை சரியில்லை என்று சொல்ல வரப்போகிறார் என்று தையல்காரம்மாவுக்கு இங்கிருந்தே தெரிந்துவிடும்.

அந்தப் புத்தகத்தில் ஐந்தாம் எண்ணைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அகராதிக்காரர் அங்கேதான் குடியிருந்தாராம். தனி ஆளாக இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து அகராதி எழுதியவராம். அந்த ஒரு பக்கம்தான் தையல்காரம்மாவின் தலையில் வந்து விழுந்தது.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மருந்துக் கடைக்காரர், யாரோடும் சண்டை போடத் தெரியாதவர். அகராதிக்காரருக்கு நூற்றைம்பதாவது பிறந்த வருஷம் வருகிறது, அவர் இருந்த வீட்டை நினைவு இல்லமாக்கப் போகிறோம், வெளியூரில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார், இரண்டு மாதத்துக்குள் காலி செய்து ஒத்துழைக்க வேண்டும் என்று கடிதம் சொன்னது.

"நமக்கெல்லாம் பெருமைதானேம்மா" என்றார் செயலாளர், மேசையில் கிடந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு. அவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"பெருமைதாங்க. அந்தப் பெருமையைத் தூக்கிக்கிட்டு நாங்க எங்க போறது?"

"ரெண்டு மாசம் டைம் இருக்கேம்மா."

"அகராதி எழுத அவருக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு சொன்னீங்க?"

"இருபத்திரண்டு வருஷம்."

"அவர் உக்காந்து எழுத இருபத்திரண்டு வருஷம். நாங்க எழுந்து போக ரெண்டு மாசம். நல்லா இருக்கு."

செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சீருடை முப்பது சட்டை வெட்டி வைத்திருந்தது. நான்கு சட்டைக்குக் காலர் வைத்த பிறகுதான் நாலையும் தலைகீழாக வைத்துத் தைத்திருப்பதைக் கண்டாள்.

வீடு போனால் போகட்டும், ஊரில் வீடா இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாதபடி வீட்டில் மாமனார் இருந்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கண்ணில் அழுத்தம் ஏறி, இரண்டு பார்வையும் போய்விட்டது. முதல் வருஷம் கட்டிலை விட்டு எழவில்லை. அப்புறம் ஒரு நாள் தானாக எழுந்து, வாசல் கதவைத் தடவி, மூன்று படி இறங்கி, தோட்டத்து வேலிக் கம்பியைப் பிடித்தார். அன்றிலிருந்து அந்தக் கம்பி வேலி அவருடைய பஸ் ரூட்டாகிவிட்டது. எத்தனையாவது கம்பியில் நீதிபதி வீடு, எத்தனையாவதில் தபால் பெட்டி, எங்கே தரை மேடு என்று எல்லாம் விரல் நுனியில் இருந்தது. காலை எட்டு மணிக்குத் தோட்டத்தைச் சுற்றி டீச்சர் வீட்டுப் படி. பத்து மணிக்கு வீடு. சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டத்து பெஞ்சு. அங்கே டீச்சர் அவருக்குப் பேப்பர் படிப்பார். எதிரே யாராவது வந்தால், "ஓரம் ஓரம், வண்டி வருது" என்பார். சதுக்கத்தில் எல்லாரும் அவருக்கு வழி விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு பார்க்கப் போனார்கள். அவர்கள் சக்திக்குக் கிடைத்தது ஒரு மூன்றாம் மாடி. குழாய்க்காரர் அப்பாவின் கையைப் பிடித்து ஏற்றினார். தையல்காரம்மா பின்னாலேயே வந்தாள். ஏறி முடித்ததும் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்பத்து நாலு படி" என்றார். "எண்ணிட்டேன். பரவால்ல."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா ஏறி இறங்குவீங்க?" என்றார் குழாய்க்காரர்.

"நான் எதுக்குடா இறங்கணும்? எனக்கு என்ன டியூட்டியா இருக்கு?" சிரித்தார். பிறகு உள் அறைச் சுவரில் கை வைத்து நின்று, "நல்ல காத்தோட்டமா இருக்கும்மா" என்றார். அவர் நின்றிருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. தையல்காரம்மா வெளியே போய் மாடிப்படி முகப்பில் நின்று மூக்கைச் சிந்தினாள். வீட்டைக் காட்ட வந்தவனிடம், தூசி என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முட்டையை வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்து, மூன்று பேருக்கும் தட்டில் வைத்தாள். யாரும் எந்த வீட்டுப் புராணமும் பேசவில்லை. மாமனார் மட்டும், உருளைக்கிழங்கு இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றார். அதில் அவள் உப்பே போடவில்லை.

குளிர்காலம் தொடங்கியிருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மிஷினில் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். முன்னறை ஜன்னலோரம்தான் மிஷின், ஆனாலும் மத்தியானம் வரைக்கும் விளக்கு இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது. மிஷின் ஒரு பக்கம் ஆடியது. குனிந்து பார்த்தாள். காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த காகித மடிப்பு நகர்ந்திருந்தது. அது டீச்சரின் புத்தகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது; அவள் நன்றி சொல்லி வாங்கி, சரியான கனமாக இருக்கிறதே என்று மிஷின் காலடியில் வைத்துவிட்டாள். நம்மை விரட்டுகிற மகராசன் யார் என்றுதான் பார்ப்போமே என்று தூசியைத் தட்டிப் பிரித்தாள்.

அகராதிக்காரரின் பக்கத்தில் அவர் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் அச்சாகியிருந்தது. மேலே முகவரி: எண் 5. கீழே இப்படி இருந்தது: "காலையில் மேசை முன் உட்கார்ந்தால் தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. பத்து மணி வரை திரையை இழுத்துவிட்டுத்தான் வேலை. ஒரு எழுத்துக்குரிய சொற்களை முடிப்பதற்குள் ஒரு திரை வெளுத்துவிடுகிறது."

அவள் படித்தாள். விளக்கைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

இருபத்தாறு வருஷமாக அவள் உட்கார்ந்திருக்கும் ஜன்னல் அது. அதில் வெயில் எப்போது எந்தப் பலகையில் விழும் என்று அவளைவிடத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற வேலையை எல்லாம் அவள் மூன்று மணிக்கு மேல்தான் எடுப்பாள், ஏனென்றால் மூன்று மணிக்குத்தான் அந்த ஜன்னலுக்கு வெயில் வரும். காலை வெயில் அந்த வீட்டின் பின்சுவரில் அடித்துவிட்டுப் போய்விடும்.

குழாய்க்காரர் மத்தியானம் சாப்பிட வந்தபோது புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, இந்த ஆள் நம்ம வீட்ல இருக்கவே இல்ல."

அவர் படித்தார். "கடுதாசில அஞ்சுன்னுதானே போட்டிருக்கு?"

"அஞ்சுன்னு போட்டா வெயில் வந்துடுமா? சூரியன் என்ன நம்பர் பாத்தா வரும்?"

ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. குழாய்க்காரர் எதையோ யோசித்தார். பிறகு சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவாமலே வாசலுக்குப் போனார். படிக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருந்த இரும்பு மூடி முன்னால் குந்தினார். தண்ணீர்க் குழாயை அடைக்கும் திருகு இருக்கிற குழிக்கு மூடி அது. மேலே படிந்திருந்த மண்ணை உளியால் சுரண்டினார். மூடியிலேயே வார்த்திருந்த எண் தெரிந்தது: 12.

"இது என்ன?" என்றாள் அவள்.

"மூடியோட அளவுன்னு நினைச்சேன். முப்பது வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்." அவர் எழுந்து வேலியோரமாக நடந்தார். அவளும் ஓடினாள். பாதி வீடுகளில் பழைய மூடி போய் சிமென்ட் பலகை வந்திருந்தது. இரண்டாம் எண்ணில் பழையது இருந்தது; அதில் 15. ஒன்பதாம் எண்ணில் 8. டீச்சர் வீட்டு வாசலில் டீச்சரின் பூந்தொட்டியை நகர்த்திப் பார்த்தார்கள். அதில் 5.

"அஞ்சு அளவும் பன்னண்டு அளவும் ஒரே குழிக்குப் பொருந்துதே, எப்படின்னு ஒரு நாளாவது தோணிச்சா எனக்கு? சரியான மண்டு நான்" என்றார் குழாய்க்காரர். விஷயம் அவருக்கு இப்போது துலங்கிவிட்டது. மரவியாபாரி வீடு கட்டியபோது, பெரிய வாசலில் நுழைந்து வலப்பக்கமாக எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீருக்காக அவர் அப்போது போட்ட குழாய்க் குழிகளின் மூடிகள் இவை. பிறகு நகராட்சித் தண்ணீர் வந்தது. அதன் குழாய் வாசலுக்கு இடப்பக்கமாக வந்தது. குழாய் இலாகா ஆட்கள் முதலில் தண்ணீர் ஏறுகிற வீட்டுக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். தண்ணீர் வரி அந்த எண்ணுக்கு வர, நாளடைவில் அதுவே வீட்டு எண்ணாகியிருக்கும். அகராதிக்காரர் எழுதிய ஐந்து, இன்றைய பன்னிரண்டு. "தண்ணி எந்தப் பக்கமா வருதோ அந்தப் பக்கமாத்தான் நாங்க எண்ணுவோம். நானா இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்" என்றார்.

இருவரும் வீட்டுக்கு வந்து சிரித்தார்கள். அவள் மிச்ச ரொட்டியைச் சூடு பண்ணினாள். பாதி சூடு பண்ணும்போது அடுப்பை அணைத்துவிட்டாள்.

"ஏங்க. அப்போ டீச்சர் வீட்டை எடுத்துடுவாங்களே."

டீச்சர் இருக்கும் வீடு டீச்சருடையது அல்ல. அவருடைய அண்ணனுடையது. அண்ணன் போய்ச் சேர்ந்தபின் அண்ணன் மகன்கள் இரண்டு பேரும், அத்தை இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்த 'இருக்கிற வரைக்கும்' சீக்கிரம் முடியாதா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது சதுக்கத்துக்கே தெரியும். நினைவு இல்லத்துக்குக் கேட்டால் மறுநாளே சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

"நாம என்ன பண்றது?" என்றார் குழாய்க்காரர். "பொய்யா சொல்றோம்? உள்ளதைத்தானே சொல்றோம்."

"உள்ளதுதான். உள்ளதைச் சொன்னா அவங்க தெருவுக்கு வந்துடுவாங்க."

"சொல்லலைன்னா அப்பா அம்பத்து நாலு படிக்கு மேல உக்காந்திருப்பாரு."

"எனக்கு மட்டும் தெரியாதா?"

"அந்தம்மா எழுதின தப்புக்கு நாம போகணுமா? நீயே சொல்லு. தோள் சரியில்ல, கை சரியில்லன்னு உன்னை என்ன பாடு படுத்தியிருக்கு."

"படுத்தட்டும். எட்டு வருஷமா நாலு மணிக்கு மாமாவுக்கு யாரு பேப்பர் படிக்கிறா? நீங்களா, நானா? மழை பெஞ்சா குடையைப் பிடிச்சுக்கிட்டுப் படிச்சவங்க அவங்க." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் முதல்ல அவங்ககிட்ட சொல்றேன். அப்புறம் சங்கத்துல சொல்றதா வேண்டாமான்னு பாக்கலாம்."

"சொன்னா அவங்க வாயை மூடிக்கிட்டா?"

"மூடிக்கிட்டா நாமளும் மூடிக்குவோம். வேற வழி எனக்குத் தெரியல."

குழாய்க்காரர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். பிறகு, "போய்ட்டு வா. அந்தப் பூந்தொட்டியைப் பழையபடி நகத்தி வைக்க மறந்துட்டேன், அதையும் வெச்சுட்டு வா" என்றார். அவர் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

வெள்ளிக்கிழமை காலை, டீச்சர் கொடுத்திருந்த குளிர்கோட்டுக்கு உள்துணி மாற்றி முடித்து, அதை எடுத்துக்கொண்டு அவள் பன்னிரண்டாம் எண்ணுக்குப் போனாள். வாசற்படியில் மாமனார் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்காதபடி உள்ளே போனாள். டீச்சர் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினார், இறக்கினார்.

"இடது கை இழுக்குதும்மா."

"டீச்சர், உக்காருங்க. கோட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவள் சொன்னாள். கடிதத்தில் இருந்த வெயிலை முதலில் சொன்னாள், மூடியிலிருந்த எண்களைப் பிறகு சொன்னாள். முன்னறையில் ஜன்னல் திரை பாதி இழுத்திருந்தது. இழுக்காத பாதி வழியாக வெயில் வந்து மேசையில், புத்தகங்களின் மேல், டீச்சரின் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.

"அந்தக் கடிதத்தை நூலகத்துலேருந்து நகல் எடுத்து வந்து இந்த மேசையிலதான் படிச்சேன்" என்றார் டீச்சர் கடைசியில். "ஆறு தடவை படிச்சிருப்பேன். கண் கூசுதேன்னு இந்தத் திரையை இழுத்துவிட்டுப் படிச்சேன்மா. இழுத்துவிட்டுப் படிச்சும் புத்தியில ஏறல."

"விடுங்க டீச்சர். இவர் முப்பது வருஷம் அந்த மூடியைத் தூக்கித் தூக்கி வெச்சவரு. அவருக்கே ஏறல."

"இப்போ என்ன பண்ணணும்ங்கற?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் வந்தேன். நாங்க வேற வீடு பாத்துட்டோம். நல்ல வீடு. மாமாவுக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு."

டீச்சர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வை தையல்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்கிற பிள்ளையை வகுப்பில் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தாள்.

"மாமாவுக்குப் புடிச்சுப்போச்சா?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க. காத்தோட்டமா இருக்குன்னாரு."

"சரி" என்றார் டீச்சர். "நாளைக்குச் சங்கக் கூட்டம் இருக்கு. நீயும் வா. கோட்டு இருக்கட்டும், போட்டுக்கறேன்." அவர் எந்தத் துணியையும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, என் புத்தகத்தில் பதினொன்றாம் பக்கம் தப்பு, அகராதிக்காரர் இருந்தது நான் குடியிருக்கும் வீடு என்று சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பின்வரிசையில் தையல்காரம்மா கணவரின் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள்.

சங்கம் சந்தோஷப்படவில்லை. தகடு வார்த்தாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, ஐந்தாம் எண் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். செயலாளர் கையைப் பிசைந்தார்.

"டீச்சர், அஞ்சு என்ன, பன்னண்டு என்ன? எல்லாம் ஒரே அளவு வீடுதானே. அந்தக் காலத்து வெயிலை இப்போ யார் வந்து பாக்கப் போறாங்க?"

"நீங்கதான்" என்றார் டீச்சர். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எல்லாரும் அஞ்சாம் நம்பர் முன்னறையில வந்து உக்காருங்க. முகத்துல வெயில் அடிச்சா நான் சொன்னது தப்பு. தகட்டை அங்கேயே பதிச்சுக்குங்க."

அப்படி ஒரு காலையை அந்த வீடு பார்த்ததில்லை. ஒன்பது பேர் மப்ளர் சுற்றிக்கொண்டு தையல்காரம்மாவின் முன்னறையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். அவள் எல்லாருக்கும் டீ போட்டாள். எட்டு மணிக்கு அறை மங்கலாக இருந்தது. எட்டே காலுக்கும் மங்கலாகவே இருந்தது. செயலாளர் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி, மேகம் இருக்குமோ என்றார். குழாய்க்காரர், மேகம் உங்கள் சங்கத்து உறுப்பினரா என்று கேட்க வாயெடுத்து, மனைவி முறைத்ததால் டீயைக் குடித்தார்.

உள்ளேயிருந்து மாமனார் தடவிக்கொண்டு வந்தார். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை பேர் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டு நின்றார்.

"என்னம்மா இவ்வளவு கூட்டம்? எதுக்குக் காத்திருக்காங்க?"

"வெயிலுக்கு மாமா" என்றாள் தையல்காரம்மா.

"வெயிலுக்கா? இங்கேயா?" பெரியவருக்கு உண்மையிலேயே அவர்கள் மேல் பரிதாபம் வந்துவிட்டது. "இந்த ஸ்டாப்புல மத்தியானம் மூணு மணிக்குத்தாங்க வரும். காலை வெயில் டீச்சர் வீட்டுப் படியில. நான் அங்கதான் போறேன், வர்றவங்க வாங்க."

அவர் மூன்று படி இறங்கி, கம்பியைப் பிடித்து நடந்தார். ஒன்பது பேரும் வேறு வழியில்லாமல் அவர் பின்னால் போனார்கள். தோட்டத்தைச் சுற்றி மேற்கு வரிசைக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கையை நெற்றிக்குக் கொண்டு போனார்கள். பன்னிரண்டாம் எண் ஜன்னல் முழுக்க வெயில். டீச்சர் திரையை ஒதுக்கிவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். செயலாளர் மப்ளரைக் கழற்றினார்.

"டீச்சர், வீட்டை எடுத்தா..." என்று இழுத்தார் அவர். "உங்க அண்ணன் பசங்க..."

"நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷம்னாங்க. ரெண்டு மாசம்தானே? தெரியும். அஞ்சாம் நம்பர்காரங்களுக்கு நீங்க கொடுத்த கடிதத்துல எழுத்துப் பிழை திருத்தினதே நான்தானே."

"எங்க போவீங்க?"

"பாத்துக்கறேன்."

தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க வீட்டுக்கு வர்றாங்க" என்றாள். "பக்கத்து அறையில துணி மூட்டைதான் கிடக்குது. அதை எடுத்துட்டா நல்ல அறை."

"நான் வர்றேன்னு யார் சொன்னா?" என்றார் டீச்சர்.

"நான் சொல்றேன். வீட்டுக்காரர்கிட்ட இவர் பேசிக்குவாரு." குழாய்க்காரர் இதை அப்போதுதான் கேள்விப்படுகிறார். ஆனாலும் தலையாட்டினார். அவருக்கு முகம் மலர்ந்திருந்தது.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் யாருக்கும் பாரமா இருந்து பழக்கமில்லம்மா."

"பாரம்னு யாரு சொன்னா? இனிமே தோள் சரியில்லன்னா தோட்டத்தைச் சுத்தி வர வேண்டாம். உள்ளே இருந்தே கூப்பிடலாம்."

ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், செயலாளரும்கூட.

டீச்சர் குடிவந்த நாளில் பனி விலகவே இல்லை. குழாய்க்காரர் தள்ளுவண்டியில் புத்தகப் பெட்டிகளை ஏற்றித் தோட்டத்தைச் சுற்றி நாலு நடை வந்தார். தையல்காரம்மா பக்கத்து அறைத் துணி மூட்டைகளை எங்கே வைப்பது என்று முழித்து, மாமனாரின் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம் என்று குனிந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு பை இருந்தது.

இழுத்துத் திறந்தாள். டிரைவர் வேலைக் காலத்துக் காக்கிப் பை. உள்ளே மாமனாரின் சட்டைகளில் ஆறு மடித்து அடுக்கியிருந்தது. கண்ணில்லாதவர் தடவித் தடவி மடித்தது. ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு சோப்பு, ஒரு துண்டு. இத்தனை நாளாக இரண்டே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார், அவளும் அதைக் கவனிக்கவில்லை. அடியில் ஒரு படிவம். ஓய்வு பெற்ற போக்குவரத்துத் தொழிலாளர் முதியோர் இல்லத்தில் சேர விண்ணப்பம். சேருவதற்கான காரணம் என்ற இடத்தில், "மகன் மாடி வீட்டுக்குப் போகிறான். என்னை வைத்துக்கொண்டு மருமகள் படி ஏறி இறங்க முடியாது. என் விருப்பத்தின் பேரில் சேருகிறேன்" என்று எழுதியிருந்தது. கீழே மாமனாரின் கோணல் கையெழுத்து. மற்றதெல்லாம் டீச்சரின் உருண்டை எழுத்து. தேதி, அந்த மூன்றாம் மாடியைப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.

அவள் டீச்சர் வீட்டுக்குப் போய், மாமாவுக்குப் புடிச்சுப்போச்சு என்று பொய் சொன்னது அந்த வாரம் வெள்ளிக்கிழமை. அவர் அப்படிப் பார்த்தது ஏன் என்று இப்போது தெரிந்தது.

நிமிர்ந்தபோது டீச்சர் அறை வாசலில் நின்றிருந்தார், கையில் பூந்தொட்டியோடு. அவர் படிவத்தைப் பார்த்தார்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றார். "பெஞ்சுல உக்காந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் புத்தகத்தாலதான் இதுன்னு நினைச்சுக்கிட்டே எழுதினேன். படிவத்தோட மறுபக்கத்தை நிரப்ப எனக்குக் கை வரல. வீடு மாத்தற அன்னிக்கு உன் கையில கொடுக்கறதா இருந்தாரு. மாத்தலைன்னு ஆனப்புறமும் பையைப் பிரிக்காமலே விட்டுட்டாரு போலிருக்கு."

தையல்காரம்மா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் காலியாக இருந்தது. டீச்சர் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகில் கை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் படிவத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஆறு சட்டையையும் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய், சோப்புத் தண்ணீரில் முக்கி, கும்மினாள். சத்தம் கேட்டு மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தண்ணீர் தெறிக்கிற பக்கம் காதைத் திருப்பினார்.

"என்னம்மா துவைக்கிற, இந்தப் பனியில?"

"உங்க சட்டைதான் மாமா."

எந்தச் சட்டை என்று அவர் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"துவைச்ச சட்டைம்மா அதெல்லாம்" என்றார் கடைசியில், மெதுவாக.

"இல்ல மாமா" என்றாள் அவள், நிமிராமல். "ரொம்ப அழுக்கா இருக்கு."